வாசி என்னும் சொல்: நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் பிடிவாதத்தின் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞம் துறைக்கும் நெய்யாற்றின்கரை நகருக்கும் இடைப்பட்ட ஊர் கோட்டுகால். அதனை அடுத்து வெங்ஙானூரும் பாலராமபுரமும் காஞ்சிரங்குளமும் உள்ளன. தென்கிழக்கே பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கிருந்து குமரி மாவட்டம் தொடங்குகிறது. இந்த எல்லையூர்களில், கேட்ட பொருள் கைக்கு வரும்வரை அழுகையை நிறுத்த மறுக்கும் குழந்தையைக் குறித்துப் பெரியவர்கள் சொல்லும் சொல் 'வாசி' என்பதாகும். குழந்தை 'வாசி பிடிக்கிறது' என்பர். பேசுவோர் மலையாளியா தமிழரா என்பதைப் பொறுத்து ஒலிப்பு சிறிது மாறும், பொருள் மாறுவதில்லை.

தஞ்சையிலோ மதுரையிலோ இருந்து வரும் ஒருவருக்கு இச்சொல் இப்பொருளில் விளங்காது. அவர் அறிந்த 'வாசி' வேறு. பாதிவாசி, முக்கால்வாசி என்று அளவு சொல்லும்போது வரும் வாசி அவருக்குத் தெரியும். இலக்கியம் கற்றவராயின், வேறுபாடு என்னும் பொருளில் வரும் வாசியும் தெரியும். வேறுபாட்டைக் குறித்த சொல் விடாப்பிடியைக் குறிக்கும் சொல்லாக நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த ஊர்களின் இருநூறு ஆண்டுக்கால வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால், இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம்.

சொல்லின் குடும்பம்

முதலில் ஒலியால் ஒத்தும் பிறப்பால் வேறுபட்டும் நிற்கும் சொற்களை விலக்கிவிட வேண்டும். சித்தர் மரபில் மூச்சைக் குறிக்கும் வாசி, வடமொழி வழியாக வந்து குதிரையைக் குறிக்கும் வாசி, நகரவாசி, வனவாசி என்பவற்றில் வசிப்பவரைக் குறிக்கும் வாசி ஆகியவை இங்குப் பேசப்படும் சொல்லைச் சேர்ந்தவையல்ல.

எஞ்சி நிற்கும் வாசிக்குத் தென்னாடெங்கும் உறவினர் உண்டு. கன்னடத்தில் 'வாசி' என்றால் மேலானது, தேவலை என்று பொருள். அதைவிட இது வாசி என்பார்கள். நோய் தீர்ந்தாலும் வாசியாயிற்று என்பார்கள். தெலுங்கில் 'வாசி' தரத்தையும் புகழையும் குறிக்கும். எண்ணிக்கையைவிடத் தரமே பெரிது என்பதற்கு 'ராசி'யையும் 'வாசி'யையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கு அங்கு உண்டு. ஈழத்தமிழிலும் சிங்களத்திலும் 'வாசி' என்பது அனுகூலம், ஆதாயம். தமிழில் வேறுபாடு, தன்மை, பகுதி ஆகிய பொருள்கள் உள்ளன.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. இரண்டு பொருள்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது தோன்றும் ஏற்றத்தாழ்வு அது. ஏற்றத்தின் பக்கம் நின்றால் அது தரம், ஆதாயம், குணம். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் வேறுபாடு.

மலையாளம் இந்த எண்ணத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு செல்கிறது. அங்கு ஒப்பீடு போட்டியாகிறது. கடும்போட்டி நிகழும் தேர்தலையும் பந்தாட்டத்தையும் 'வாசியேறிய' போட்டி என்று மலையாளச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஊக்கத்தோடு பொருதுவதற்கு 'வீறும் வாசியும்' என்னும் இணைமொழி உண்டு. பிறனுக்கு எதிராகவே ஒன்றைச் செய்வது 'வாசிக்குச்' செய்வது. நியாயமற்ற விடாப்பிடி 'துர்வாசி'. இவ்வாறு ஒப்பீட்டிலிருந்து போட்டியும், போட்டியிலிருந்து விட்டுக்கொடாமையும் பிறந்து, இறுதியில் பிடிவாதமே சொல்லின் முதற்பொருளாக நிலைத்துவிட்டது.

இங்கே இரு மொழிகளின் கூட்டுச்சொற்களையும் ஒப்புநோக்கலாம். தமிழில் 'பிடிவாதம்', மலையாளத்தில் 'பிடிவாசி'. முன்பாதி இரண்டிலும் ஒன்றே. தமிழ் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வாதத்தை, அதாவது பேச்சை. மலையாளம் பிடித்துக்கொண்டிருப்பது வாசியை. அதாவது, சொல்லின் பழம்பொருளைக் கொண்டு பார்த்தால், ஒரு வேறுபாட்டை.

நாணயத்தின் வாசி

சொல்லின் இன்னொரு பழைய பயன்பாடு கடைத்தெருவைச் சார்ந்தது. ஒரு நாணயம் முழு மதிப்புக்குச் செல்லாதபோது, அதை மாற்றுவோர் கழித்துக்கொள்ளும் வட்டத்துக்கு வாசி என்று பெயர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த காலத்தில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு உணவளித்தனர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. நாவுக்கரசரின் காசு குறையின்றிச் சென்றது. சம்பந்தரின் காசுக்கு வணிகர் வாசி கழித்தனர். அதனால் அவருடைய மடத்தில் உணவு ஆயத்தமாகக் காலம் தாழ்ந்தது. வாசி நீங்க வேண்டிச் சம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் உள்ளது.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு காசுகளும் ஒரே கோயிலில் கிடைத்தவை, கொடுத்தவன் ஒருவனே. ஆயினும் சந்தை ஒன்றை முழுமையாகவும் மற்றொன்றைக் குறைத்தும் வாங்கியது. சேக்கிழார் அதற்குத் தத்துவ விளக்கம் தருகிறார்: உடலால் தொண்டு செய்த நாவுக்கரசருக்கு நல்ல காசு கிடைத்தது என்பது அது. அந்த விளக்கத்தை ஒருபுறம் வைத்துச் சொல்லை மட்டும் நோக்கினால் கிடைப்பது இது: வாசி என்பது கையில் இருக்கும் பொருளின் மேல் பிறர் சுமத்தும் கழிவு. அதை ஏற்பதா மறுப்பதா என்பதே காசு வைத்திருப்பவனுக்கு முன் நிற்கும் கேள்வி.

திருவிதாங்கூரின் தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கழிவு மனிதர்கள்மேல் வைக்கப்பட்டிருந்தது. எவர் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், எவர் எந்த வழியில் நடக்கலாம், எவர் குடை பிடிக்கலாம், எவர் பொன்நகை அணியலாம் என்பவற்றுக்கெல்லாம் சாதிவாரியாக அளவுகள் இருந்தன. அவை வழக்கமாக மட்டும் நிற்கவில்லை. அரசு ஆணைகளாலும் காக்கப்பட்டன.

துணியில் வைத்த வாசி

அவற்றுள் பெரும் மோதலுக்குக் காரணமானது பெண்களின் மேலாடை. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்துக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. அப்பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் தோளில் இட்டுக்கொள்ளும் மேல்சீலையையும் அணிந்தனர். சந்தைகளிலும் சாலைகளிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரியில் வெளியான அரச அறிவிப்பு, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், மேல்சீலை அணியலாகாது என்று வரையறுத்தது.

இந்த அறிவிப்பின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். உடலை மறைப்பதை அது தடுக்கவில்லை. மேல்சாதியார் மறைப்பது போல் மறைப்பதைத் தடுத்தது. அதாவது, அரசு காக்க முனைந்தது வாசியை. இருவரைக் கண்ட மாத்திரத்தில் உயர்வு தாழ்வு தெரிய வேண்டும் என்னும் வேறுபாட்டை.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் பூசல் மீண்டும் மூண்டது. வீடுகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டன. மிஷனரிகளின் முறையீடுகள் சென்னைக்குச் சென்றன. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26 அன்று, உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வெளியாயிற்று. எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம்; முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் ஆகாது என்பது அதன் சாரம்.

காசு செல்லும், ஆனால் வாசி கழித்தே செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. துணிக்கு உரிமை கிடைத்தது. துணியின் தரத்திலும் கட்டும் முறையிலும் கழிவு நின்றது. அப்பெண்கள் அந்தக் கழிவையும் ஏற்கவில்லை. அறிவிப்புக்குப் பின் வந்த காலத்தில் விரும்பிய வகையில் உடுத்தும் வழக்கம் மெல்ல மெல்ல நிலைபெற்றது.

அரசின் கண்ணில் 1829க்கும் 1859க்கும் இடையில் ஒழுங்கைக் குலைத்தவர் அப்பெண்கள். சலுகை கிடைத்தும் அடங்காதவர் என்பதே அவர்மீது வைக்கப்பட்ட குற்றம். இடையில் பிடிவாதம் பிடித்தவர் இரு சாராரும் ஆவர். ஒரு சாரார் வேறுபாடு நிலைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தனர். மறு சாரார் அது நீங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தனர். முதலாவதற்கு வழக்கம், மாமூல், ஒழுங்கு என்னும் பெயர்கள் கிடைத்தன. பிடிவாதம் என்னும் பெயர் இரண்டாவதற்கு மட்டுமே ஒட்டியது.

வண்டியும் பள்ளியும் வயலும்

கோட்டுகாலை அடுத்த வெங்ஙானூரில் 1863 ஆகஸ்டு 28 அன்று பிறந்தவர் அய்யன்காளி. வயல்வேலைக்கே விதிக்கப்பட்டிருந்த புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் அச்சமூகத்தார் பொதுச்சாலையில் நடப்பதே தடைப்பட்டிருந்தது. வண்டியில் செல்வதோ மேல்சாதியாரின் தனியுரிமை. 1893இல் அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணி கட்டி, வெள்ளை வேட்டியும் மேல்முண்டும் தலைப்பாகையும் அணிந்து, பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தவர்களை எதிர்கொள்ளக் கையில் ஆயுதமும் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, இளைஞர் பலருடன் ஆறாலுமூடு சந்தைக்கு நடந்தபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரும் மோதல் மூண்டது. பாலராமபுரம் நெசவாளர் ஊர். பாலராம வர்மா அரசர் காலத்தில் திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியால் தமிழ்நாட்டுச் சாலியர் குடியமர்த்தப்பட்ட இடம். ஊடும் பாவுமாகத் தமிழும் மலையாளமும் கலந்த அத்தெருவிலேயே நடக்கும் உரிமைக்கான சண்டையும் நிகழ்ந்தது.

1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தோன்றியது. பள்ளிகளில் தம் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கை. அரசு அனுமதி ஆணை பிறப்பித்தும் பள்ளிகளின் கதவுகள் திறக்கவில்லை. அதனால் வயல்வேலை நிறுத்தப்பட்டது. எங்கள் குழந்தைகள் பள்ளிக்குள் செல்லாவிட்டால் உங்கள் வயல்களில் புல்தான் விளையும் என்னும் கருத்தில் அய்யன்காளி கூறியதாக வழங்கும் சொற்கள் இன்றும் அப்பகுதியில் நினைவுகூரப்படுகின்றன.

வேலைநிறுத்தம் நீண்டது. நிலவுடைமையாளர் தாமே வயலில் இறங்கிப் பார்த்தனர், இயலவில்லை. வேலையிழந்தவர் வீடுகளில் பசி. அப்போது விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் கைகொடுத்தனர். வேலைநிறுத்தம் செய்த குடும்பங்களைச் சேர்ந்தோர் அவர்களுடைய படகுகளில் கடலுக்குச் சென்று உழைத்துப் பங்கு பெற்றனர். 1859 அறிவிப்பு 'முக்குவப் பெண்களைப் போல்' உடுத்தலாம் என்று தாழ்வுக்கு அளவுகோலாக எடுத்துக்காட்டிய அதே கடலோரச் சமூகம், ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொரு சமூகத்தின் பிடிவாதம் பசியால் முறியாமல் காத்தது. இறுதியில் மாஜிஸ்திரேட்டாக இருந்த கண்டல நாகம்பிள்ளையின் நடுநிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயர்வும் கல்வி உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

நெய்யாற்றின்கரைப் பகுதியிலேயே உள்ள ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் அய்யன்காளி. அச்சிறுமி உட்கார்ந்ததும் மற்றக் குழந்தைகள் வெளியேறினர். பின்னர்ப் பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. சிறுமி ஒருத்தி ஒரு பெஞ்சில் அமர்ந்தால் அந்தப் பெஞ்சு இருக்கும் கட்டடமே எரியட்டும் என்பதைவிடக் கடும் பிடிவாதம் ஏதும் இருக்க இயலாது. ஆனால் அந்தக் காலத்து அதிகார மொழியில் பிடிவாதக்காரர் என்று எண்ணப்பட்டவர் தீ வைத்தவர் அல்லர். சிறுமியை அழைத்து வந்தவர்.

ஒரே மனிதரில் இருவகை வாசி

இவ்வரலாற்றை நல்லவர், தீயவர் என்று இரு வரிசையாகப் பிரிப்பது எளிது. அவ்வாறு பிரிக்க விடாமல் குறுக்கே நிற்பவர் சுதேசாபிமானி இராமகிருஷ்ணபிள்ளை.

1878 மே 25 அன்று நெய்யாற்றின்கரையில் பிறந்த இவர், வக்கம் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக இருந்து, திருவிதாங்கூர் அரசின் முறைகேடுகளையும் திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் அஞ்சாமல் எழுதினார். எச்சரிக்கைகளுக்கும் வேண்டுகோள்களுக்கும் பணியவில்லை. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் நாடு கடத்தப்பட்டார். மீண்டும் திருவிதாங்கூருக்குத் திரும்பாமலே 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் காலமானார். விட்டுக்கொடாமைக்கு எடுத்துக்காட்டாகக் கேரளம் இன்றும் அவரைப் போற்றுகிறது. இதழியல் விருதும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

அதே 1910இல், நாடு கடத்தப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, புலையர் குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் சேர்ப்பதை எதிர்த்து அவர் தலையங்கம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அறிவுநிலத்தை உழுதவரையும் வயல்நிலத்தை உழுதவரையும் ஒன்றாக அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்பது அவர் முன்வைத்த ஒப்புமை. தாம் பிறந்த வட்டத்தின் வயல்களில் உழைத்தவருடைய குழந்தைகளைப் பற்றியே அவர் இவ்வாறு எழுதினார்.

அரசன் முன் வளையாத முதுகும், வேறுபாட்டை விட மறுத்த நெஞ்சும் ஒரே மனிதரிடம் இருந்தன. சொல்லின் இரண்டு பொருள்களும் அவரிடம் ஒருங்கே நின்றன எனலாம். அரசு தம் பேச்சின் மதிப்பைக் குறைத்தபோது அதை ஏற்காதிருந்தது ஒரு வாசி. பிறர் குழந்தையின் மதிப்பைத் தாமே குறைத்து, அந்தக் கழிவை விட்டுக்கொடாதிருந்தது மற்றொரு வாசி. பிடிவாதம் ஒரு குணம் அன்று. ஒரு பிடி மட்டுமே. எதைப் பிடித்திருக்கிறது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

பிடிவாதத்துக்கு நற்பெயர் வந்த கதை

அய்யன்காளி வில்வண்டி ஓட்டிய அதே 1893இல், ஜூன் 7 அன்று, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து ஓர் இளம் வழக்குரைஞர் இறக்கிவிடப்பட்டார். கையில் முதல் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தது. நிறத்தின் பேரால் அதற்கு வாசி கழிக்கப்பட்டது. வெங்ஙானூர்க்காரரும் காந்தியும் ஒருவரையொருவர் அறியாமல், ஒரே ஆண்டில், வாகனத்தில் அமரும் உரிமையைப் பற்றிய ஒரே கேள்வியின் முன் நின்றனர்.

தென்னாப்பிரிக்கப் போராட்டத்துக்கு இந்திய மொழியில் ஒரு பெயர் வேண்டும் என்று காந்தி தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் கேட்டபோது, மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்பினார். காந்தி அதைச் 'சத்தியாக்கிரகம்' என்று திருத்திக்கொண்டார். இதன் பின்பாதியான ஆக்கிரகம் என்பது பற்றுதல், விடாது பிடித்தல் என்னும் பொருளுடைய வடசொல். குஜராத்தியிலும் இந்தியிலும் அது வற்புறுத்தல். அதுவே தெலுங்கில் சினம். மலையாளத்தில் ஆசை. ஆக, வடக்கே வற்புறுத்தலாக இருந்த சொல் தெற்கே வந்து ஓரிடத்தில் கோபமும் ஓரிடத்தில் விருப்பமுமாயிற்று. இம்மூன்றும் பிடிவாதத்துள் அடங்குபவையே: வேண்டும் என்னும் ஆசை, கிடைக்கவில்லையே என்னும் சினம், விடமாட்டேன் என்னும் உறுதி.

1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தெருநடைப் போராட்டம் தொடங்கியபோது இந்தப் பெயருடனேயே தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். 1926இல் சுசீந்திரத்திலும் அப்பெயரில் போராட்டம் எழுந்தது. சாலையில் நடக்கும் உரிமைக்காக வெங்ஙானூரில் 1893இல் நிகழ்ந்தது ஒரு தனிமனிதரின் முரட்டுத்தனமாகக் கருதப்பட்டது. அதே உரிமைக்காக வைக்கத்தில் நிகழ்ந்ததற்கு நாடெங்கும் மதிப்பு கிடைத்தது. இரண்டுக்கும் முறையில் வேறுபாடு உண்டு. முதலாவதில் கைகலப்புக்கு ஆயத்தம் இருந்தது, இரண்டாவதில் அடிபட ஆயத்தம் இருந்தது. எனினும், மதிப்பு வேறுபட்டதற்குப் பெயரும் ஒரு காரணம். 1937இல் காந்தி வெங்ஙானூருக்கே வந்து அய்யன்காளியைச் சந்தித்தபோது, பெயர் பெற்ற பிடிவாதமும் பெயர் பெறாத பிடிவாதமும் ஒரே மேடையில் நின்றன.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

இச்சொல்லின் வரலாற்றில் கசப்பான ஓர் அத்தியாயமும் உண்டு. திருவிதாங்கூரின் தமிழ்ப்பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில் இயங்கியது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும் அதன் கோரிக்கையில் இடம்பெற்றன. 1954 ஆகஸ்டு 11 அன்று, பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று தென் நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

கோட்டுகாலும் பாறசாலையும் அவ்வாறு கோட்டின் வடபுறத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழ் பேசும் குடும்பங்களுக்கும், களியக்காவிளைக்குத் தெற்கே தங்கிய மலையாளக் குடும்பங்களுக்கும், எந்தச் சொல்லை எந்தப் பக்கத்தில் எப்படிச் சொல்வது என்பது நாள்தோறும் எழும் சிக்கலாயிற்று. ஒரே சொல் கோட்டின் இருபுறமும் இரு மதிப்பில் சென்றது.

'வைராக்கியம்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடமொழியில் பற்றறுதலைக் குறித்த இச்சொல், தமிழில் அசையாத உறுதியாயிற்று. வைராக்கியமாகப் படித்து முன்னேறினார் என்பது தமிழில் பாராட்டு. மலையாள வழக்கிலோ அது பெரும்பாலும் பகையையும் நெஞ்சில் வைத்த காழ்ப்பையும் குறிக்கும். பாறசாலைச் சந்தையில் ஒரு தமிழர் தம் மகனின் வைராக்கியத்தைப் புகழ்ந்தால், மலையாளி ஒருவர் யார்மீது பகை என்று கேட்க நேரலாம்.

பழமொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது தமிழ் வழக்கு. தான் பிடித்த முயலுக்குக் கொம்பு உண்டு என்பது மலையாள வழக்கு. தமிழில் பிடிவாதக்காரர் இருப்பதைக் குறைத்துச் சொல்கிறார். மலையாளத்தில் இல்லாததைக் கூட்டிச் சொல்கிறார். 1950களின் எல்லைப்பூசலில் இருபுறமும் இவ்விரண்டும் நிகழ்ந்தன. எதிர்த்தரப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதும் தம் தரப்பின் பழம்பெருமையைக் கூட்டுவதும் மேடைப்பேச்சின் இயல்பாயின. அன்றைய அரசுக்குக் குமரித்தமிழரின் கோரிக்கை பிடிவாதம். கோரியவர்களுக்கு அது பிறப்புரிமை. தேவிகுளம், பீருமேட்டைத் தர மறுத்தது தமிழருக்குப் பிடிவாதம்; மறுத்தவர்களுக்கு அது நிலத்தின் ஒருமைப்பாடு. நடுவே இருந்த ஊர்களின் பேச்சில் மட்டும் வாசி என்னும் சொல் இருபாலார்க்கும் பொதுவாக நிலைத்தது.

தீர்தலும் எஞ்சுதலும்

மேலே கண்ட நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். பிடிவாதம் என்னும் பெயரை எப்போதும் சூட்டுபவர், விட்டுக்கொடுக்கும் நிலையில் இருந்தும் விட்டுக்கொடாதவர். பெயரைப் பெறுபவர், விட்டுக்கொடுக்க ஏதுமில்லாதவர். கோரிக்கை வென்றபின் பெயர் மாறுகிறது. பிடிவாதம் உறுதியாகிறது, அடம் எழுச்சியாகிறது, கலகம் மறுமலர்ச்சியாகிறது. வென்றபின் கிடைக்கும் நற்பெயர் போராடிய காலத்துப் பசியை ஆற்றுவதில்லை. வில்வண்டியில் ஏறிய நாளில் அய்யன்காளியிடம் இருந்தது பிற்காலத்தில் எழுப்பப்பட்ட சிலையன்று, வாசி மட்டுமே.

வேறுபாடு, கழிவு, விடாப்பிடி ஆகிய மூன்று பொருள்களையும் ஒரே சொல் தாங்குவதன் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. தன் மதிப்பில் கழிவு வைக்கப்படுவதை ஒருவர் ஒருமுறை ஏற்றால் அது சந்தை விலையாகிவிடும். அடுத்த முறை கழிவு கேட்கப்படாமலே எடுத்துக்கொள்ளப்படும். முரட்டுத்துணி உடுத்தலாம் என்ற அனுமதியை நன்றியோடு ஏற்றிருந்தால் முரட்டுத்துணியே விதியாகியிருக்கும். எனவே கழிவை மறுப்பவர் ஒவ்வொரு முறையும் மறுக்க வேண்டும். சோர்வின்றி, பிறர் முகஞ்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் மறுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீம்பாகவே தோன்றும்.

ஊருட்டம்பலத்துப் பள்ளியில் அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது. ஒருத்தி உட்காரக் கூடாது என்பதற்காக எரிக்கப்பட்ட பள்ளி இன்று அவள் பெயரையே தாங்குகிறது. அங்குப் படிக்கும் குழந்தைகளும் வீட்டில் ஏதேனும் ஒன்றுக்காக அழுது அடம்பிடிக்கத்தான் செய்வர். வாசி பிடிக்காதே என்று அம்மாக்களும் அதட்டத்தான் செய்வர். அந்தப் பெஞ்சில் ஒரு குழந்தை உட்கார எத்தனை பேர் எத்தனை காலம் வாசி பிடிக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல, அதே சொல்லே போதுமானதாக இருக்கிறது.